பொருள் எண் 7: மின்மோட்டார் பழுது

பேரூராட்சி மன்றக் கூட்டத்துக்குச் சில நாள் முன்னால் உறுப்பினர்கள் வீட்டுக்கு ஒரு கற்றைத் தாள் போகும். கூட்டப் பொருள் என்று பெயர். எங்கள் ஊரில் அதன் நகல் ஒன்று எப்படியோ பஸ் நிலைய டீக்கடைவரை வந்துவிடும். அதில் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ பெரும்பாலும் இப்படி ஒரு பத்தி இருக்கும்: "ஆழ்துளைக் கிணற்றில் பொருத்தப்பட்டுள்ள மின்மோட்டார் பழுதடைந்து குடிநீர் விநியோகம் தடைபட்டதால், பொதுமக்கள் நலனையும் அவசர அவசியத்தையும் கருதி, தலைவரின் முன் அனுமதி பெற்று உடனடியாகப் பழுது நீக்கம் செய்யப்பட்டது. அதற்கான செலவினத்தை மன்றம் அங்கீகரிக்கலாம்."

கடைசிச் சொல்லைப் பாருங்கள். மோட்டார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. கிணற்றிலிருந்து தூக்கி, காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) கட்டி, திரும்ப இறக்கி மூன்று வாரமாவது ஆகியிருக்கும். மன்றத்தில் 15 பேர் சம்மதிக்கப்போவது நடந்து முடிந்த ஒரு செலவுக்கு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் நின்றுபோனால் கூட்டம் கூடட்டும் என்று எந்தத் தெருவும் காத்திருக்காது. ஆனால் கற்றையை முழுவதும் புரட்டினால் வேறொன்று உறைக்கும். பிளீச்சிங் பவுடர் கொள்முதல், தெருவிளக்கு உதிரிபாகம், குப்பை வண்டிக்கு டயர், பைப் உடைப்பு அடைத்தது, சாக்கடை தூர் வாரியது... எல்லாமே பழுதும் பராமரிப்பும். புதிதாக ஏதாவது கட்டவோ மாற்றவோ வேண்டிய பொருள் வந்தால் அதன் வாலில் 'அரசுக்குக் கருத்துரு அனுப்பலாம்', 'நிதி ஒதுக்கீடு கோரலாம்' என்று ஒரு வரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு சின்ன ஊரின் நிர்வாகத்தைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசம் போதும். பழுது பார்க்கும் அதிகாரம் ஊருக்குள் இருக்கிறது, மாற்றிப் போடும் அதிகாரம் ஊருக்கு வெளியே இருக்கிறது.

முதலில், பேரூராட்சி என்றால் என்ன? 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சியை மூன்று வகையாகப் பிரிக்கிறது. பெரிய நகரத்துக்கு மாநகராட்சி, சிறு நகரத்துக்கு நகராட்சி, கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் பகுதிக்கு மூன்றாவது வகை. அந்த மூன்றாவதுதான் தமிழ்நாட்டில் பேரூராட்சி. 'மாறிக்கொண்டிருக்கும் பகுதி' என்று சட்டம் சொல்கிறதே தவிர, மாறி முடிக்க எத்தனை ஆண்டு என்று சொல்லவில்லை. அரை நூற்றாண்டாக மாறிக்கொண்டே இருக்கும் ஊர்களும் உண்டு. பொதுவாக 5,000 பேருக்கு மேல் மக்கள்தொகையும் ஓரளவு வருமானமும் இருந்தால் பேரூராட்சி, 30,000-ஐத் தாண்டினால் நகராட்சிக்குத் தகுதி. 2022 தேர்தலின்போது மாநிலத்தில் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் இருந்தன. கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் 50-க்கு மேல். அங்கே ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று பஸ்ஸில் போகிறவருக்குத் தெரியவே தெரியாது.

கிராமமா நகரமா என்ற இந்த இரண்டுங்கெட்டான் நிலைக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 2004-இல் தமிழக அரசு பேரூராட்சிகளைச் 'சிறப்புக் கிராம ஊராட்சிகள்' என்று மாற்றியது. ஊரக வளர்ச்சிக்கு டெல்லியிலிருந்து வரும் நிதி இவற்றுக்கும் கிடைக்கும் என்பது கணக்கு. 2006-இல் ஆட்சி மாறியதும் மறுபடி பேரூராட்சி. சுமார் இரண்டு ஆண்டில் அதே கட்டடத்தில் போர்டு இரண்டு முறை மாறியது. பெயின்டருக்கு வேலை கிடைத்தது, மற்றபடி சாக்கடை போன வழியிலேயே போனது.

போர்டு மாறுவது வெறும் பெயர் விஷயம் இல்லை என்பது கிராமத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்துப் பேரூராட்சியோடோ நகராட்சியோடோ தங்கள் ஊராட்சியை இணைக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் பெண்கள்தான் முதலில் கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு போவார்கள். 2025 தொடக்கத்தில் இணைப்பு அறிவிப்புகள் வந்தபோது பல மாவட்டங்களில் அதுதான் நடந்தது. காரணம், நூறு நாள் வேலை என்று ஊர் சொல்லும் கிராமப்புற வேலை உறுதித் திட்டம் நகர்ப்புற எல்லைக்குள் கிடையாது. வீட்டு வரியும் கூடும். நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றை 2022-இல் மாநில அரசு தொடங்கியது உண்மை. ஆனால் அது குறிப்பிட்ட சில இடங்களில் தொடங்கிய சின்னத் திட்டம்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றைப் பற்றி மனுக்களில் அதிகம் பார்க்க முடிவதில்லை. கிராம ஊராட்சியில் செயல் அதிகாரம் ஊராட்சித் தலைவரிடம் இருக்கிறது. காசோலையில் அவரும் துணைத் தலைவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். பேரூராட்சியில் செயல் அதிகாரம் அரசு நியமிக்கும் செயல் அலுவலரிடம் இருக்கிறது. ஊர் வாயில் ஈ.ஓ. தலைவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம், சத்தம் போடலாம். ஆனால் ஈ.ஓ.வை இடமாற்றம் செய்வது சென்னையில் இருக்கும் பேரூராட்சிகளின் இயக்குநரகம். நடுவில் மண்டல அளவில் உதவி இயக்குநர் ஒருவர் இருக்கிறார், ஏ.டி. என்பார்கள். ஒரு தொகைக்கு மேல் போகும் எந்த வேலைக்கும் கோப்பு அவர் மேசையைத் தாண்டித்தான் மேலே ஏறும். ஆக ஊர் 'வளர்ந்து' பேரூராட்சி ஆகும்போது, வாக்களித்தவர்கள் தேர்ந்தெடுத்த ஆளின் கையிலிருந்து பேனா அதிகாரி கைக்கு மாறுகிறது. வளர்ச்சிக்கு இப்படி ஒரு விலை எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இன்னொன்றும் போகிறது. கிராம சபை. ஊராட்சியில் ஆண்டுக்கு ஆறு நாள், குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி தினம் என்று யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம். பேரூராட்சிக்காரர்களுக்கு நெடுங்காலம் அப்படி எதுவும் இல்லை. 2022-இல்தான் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கு விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1-இல் முதல் பகுதி சபைகள் கூடின. உங்கள் தெரு எந்தப் பகுதி சபையில் வருகிறது என்று தெரு முனையில் நின்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அது நல்ல ஊர்.

சரி, தண்ணீருக்கு வருவோம். பேரூராட்சி அலுவலகத்துக்கு வரும் சண்டைகளில் பாதிக்கு மேல் அதுதான்.

பெரும்பாலான ஊர்களில் இரண்டு தண்ணீர் உண்டு. ஊருக்குள் போட்ட ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது உப்புத் தண்ணி, புழங்குவதற்கு. தொலைவில் ஓர் ஆற்றிலிருந்து குழாய் வழியாக வருவது நல்ல தண்ணி. முதலாவது முழுக்கப் பேரூராட்சியின் பொறுப்பு. மோட்டார், ஸ்டார்ட்டர், கேபிள், பைப் எல்லாம் அதனுடையது. இரண்டாவது அப்படியில்லை. அது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் நடத்தும் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2013-இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காவிரியில் எடுக்கும் தண்ணீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் முழுக்க நகராட்சி, பேரூராட்சி, ஆயிரக்கணக்கான குக்கிராமங்கள் என்று பிரிந்து போகிறது. குழாயின் கடைசியில் இருக்கும் பேரூராட்சி வெறும் வாடிக்கையாளர். வாரியம் அனுப்பும் தண்ணீருக்கு லிட்டர் கணக்கில் கட்டணம் கட்ட வேண்டும். வழியில் நீரேற்று நிலையத்தில் மின்சாரம் போனாலும் மெயின் லைன் உடைந்தாலும் ஈ.ஓ. செய்யக்கூடியது போனைக் கையில் எடுப்பதுதான். ஆனால் காலிக் குடத்தோடு வருகிறவர்கள் வாரியத்தின் அலுவலகத்துக்கா போவார்கள்? அது எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியாது. பேரூராட்சிதான் பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கிறது.

தண்ணீர் தொட்டிக்கு வந்து சேர்ந்த பிறகு ஊரிலேயே முக்கியமான ஆள் தலைவரும் இல்லை, ஈ.ஓ.வும் இல்லை. வால்வு திறக்கிறவர். அவர் கையில் இருக்கும் நீளமான இரும்புச் சாவிதான் எந்தத் தெருவுக்கு முக்கால் மணி நேரம், எந்தத் தெருவுக்கு அரை மணி நேரம் என்று முடிவு செய்கிறது. மேட்டுத் தெருவுக்கு அழுத்தம் போதாது, பள்ளத் தெருவில் பாய்ந்து ஓடும். இதைச் சமன் செய்ய எந்த வால்வை எத்தனை சுற்றுத் திறக்க வேண்டும் என்பது அவர் மண்டையில் மட்டும் இருக்கும். வரைபடத்தில் இருக்காது. பல ஊர்களில் வரைபடமே இருக்காது. பழைய பைப் எங்கே புதைந்திருக்கிறது என்பது ஓய்வுபெற்ற ஒருவருக்குத்தான் தெரியும் என்பதால், உடைப்பு வந்தால் அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஊர்களும் உண்டு. இந்த வேலையில் இருப்பவர்களில் பலர் தினக்கூலிக்கோ ஒப்பந்தத்திலோ இருப்பவர்கள்.

தெருவிளக்கிலும் இதே கதைதான். கம்பம் மின்வாரியத்துடையது, பல்பு பேரூராட்சியுடையது. விளக்கு எரியவில்லை என்றால் பல்பு போய்விட்டதா, லைனில் கோளாறா என்று பார்த்து, யாரிடம் சொல்வது என்று நாமே தீர்மானிக்க வேண்டும். கடைவீதிச் சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது, அதன் ஓரத்துச் சாக்கடையைத் தூர் வாருவது பேரூராட்சியின் தலையில். பஸ் நிலையம் பேரூராட்சியுடையது, பஸ் அதற்குள் வராமல் வெளியே நின்று ஆள் ஏற்றினால் கேட்க அதிகாரம் இல்லை. பட்டா வேண்டுமா, தாலுகா அலுவலகம். ரேஷன், பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், எதுவும் இதன் கீழ் இல்லை. 74-ஆவது திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 வேலைகளை எழுதி, இவற்றை உள்ளாட்சிகளிடம் கொடுக்கலாம் என்று மாநிலங்களிடம் விட்டது. 'கொடுக்கலாம்'. அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது.

குப்பை மட்டும் யார் தலையிலும் கட்ட முடியாத, முழுக்க முழுக்கப் பேரூராட்சியின் வேலை. விடியற்காலையில் பேட்டரி வண்டி, விசில், மக்கும் குப்பை பச்சைக் கூடை, மக்காத குப்பை இன்னொரு கூடை. ஊருக்கு வெளியே இருக்கும் குப்பைக் கிடங்குக்கு 'வளம் மீட்புப் பூங்கா' என்று அழகான பெயர். பெயரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றினாலும், உள்ளே போய்ப் பார்த்தால் சில ஊர்களில் நிஜமாகவே மண்புழு உரக் குழிகளும், தரம் பிரித்துக் கட்டி வைத்த பிளாஸ்டிக் மூட்டைகளும் இருக்கும். பெரிய நகரங்களின் குப்பை மலையோடு ஒப்பிட்டால் சின்ன ஊர் இதை நன்றாகவே செய்ய முடியும். குப்பையின் அளவு கைக்கடக்கமானது, கூடையைக் கலந்து கொட்டும் வீடு எது என்று வண்டிக்காரருக்குத் தெரியும்.

கழிவறைக் கழிவு அப்படியில்லை. பேரூராட்சிகளில் அநேகமாகப் பாதாள சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். நிறைந்தால் லாரிக்குப் போன் செய்வோம். லாரிக்காரர் உறிஞ்சிக்கொண்டு போனதை எங்கே கொட்டினார் என்று நாம் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. பல இடங்களில் ஓடைதான். இதில் ஒரு சின்ன ஊர் முன்னால் போனது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழிப் பேரூராட்சியில் 2017-இல் கசடு கழிவு சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. மாநிலத்திலேயே முதலாவது. பக்கத்தில் இருக்கும் மதுராந்தகத்தின் கழிவும் அங்கே வருகிறது. பாதாள சாக்கடைக்குப் பல கோடி வேண்டும், அது ஒரு பேரூராட்சிக்கு எட்டாக்கனி. லாரி கொண்டுவந்து கொட்டுவதைக் காயவைத்து, பிரித்து, சுத்திகரிக்கும் நிலையத்துக்கு அதில் சின்னப் பங்கு போதும். கோவை மாவட்டத்தில் பெரியநாயக்கன்பாளையமும் நரசிம்மநாயக்கன்பாளையமும் இதே வழியில் முன்னோடித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒன்றைக் கவனியுங்கள்: இந்த மூன்று ஊரிலும் யோசனையும் பணமும் மேலேயிருந்து வந்தவை. ஓர் ஊர் தானே முடிவெடுத்துத் தன் காசில் கட்டியதாக இருந்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அப்புறம், காசு. பேரூராட்சிக்குச் சொந்த வருமானம் என்றால் சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை. அதோடு வாரச்சந்தை, பஸ் நிலையக் கட்டணம், சைக்கிள் ஸ்டாண்டு, கட்டணக் கழிப்பிடம் ஆகியவற்றின் குத்தகை ஏலம். ஏல நாளில்தான் அலுவலகம் களைகட்டும். சிண்டிகேட் அமைத்து, அதாவது தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, குறைந்த தொகைக்கு எடுக்கப் பார்ப்பார்கள், ஏலம் ஒத்திவைக்கப்படும், மறு ஏலம் வரும். தொழில் வரியில் ஒரு சங்கதி. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று அரசியலமைப்பே சொல்கிறது. அந்த வரம்பு வைத்தது 1988-இல். அன்றைய 2,500 ரூபாய்க்கு என்ன வாங்கலாம், இன்று என்ன வாங்கலாம் என்று யோசித்தால், ஏன் உள்ளாட்சியின் கை எப்போதும் கடிக்கிறது என்று புரியும்.

சொத்து வரி அரசியல் சூடு நிறைந்தது. ஏற்றினால் ஓட்டு போகும் என்ற பயத்தில் ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டு, பிறகு ஒரேயடியாக ஏற்றுவார்கள். 2018-இல் ஏற்றியதை 2019-இல் நிறுத்தி வைத்தார்கள். 2022 ஏப்ரலில் மறுபடி உயர்வு. பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். அந்த முடிவுக்குப் பின்னால் டெல்லி இருந்தது. 15-ஆவது நிதிக்குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்து வசூலையும் மாநிலப் பொருளாதாரத்தின் வளர்ச்சிக்கு ஏற்ப உயர்த்தினால்தான் நகர்ப்புற உள்ளாட்சிக்கு மானியம் என்று நிபந்தனை போட்டிருந்தது. அந்த மானியத்திலும் சிறிய நகரங்களுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் என்று முடிச்சுப் போட்டு வந்தது. (அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் வரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. ஏப்ரலிலும் அக்டோபரிலும் நினைவு வைத்துக்கொள்ளுங்கள். பில் கலெக்டர் வீடு தேடி வந்து சொல்வார் என்று இருந்தால் தேதி போய்விடும்.)

மற்றபடி மாநில நிதிக்குழு மானியம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் ஊரகம், நகர்ப்புறம் இரண்டுக்குமாகப் பகிரப்படுகிறது. பத்திரப் பதிவில் கட்டும் 7 சதவீத முத்திரைத் தீர்வையில் 5 போக மீதி 2 சதவீதம் உள்ளாட்சிக்கானது. சின்னப் பேரூராட்சிகளில் சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், குடிநீர் வாரியத்துக்குக் கட்டுவது எல்லாம் போக, பொது நிதியில் மிஞ்சுவது ஒரு மோட்டாரைக் காயில் கட்டத்தான் காணும்.

தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாமலும் இந்த இயந்திரம் ஓடும் என்பதை நாம் கண்கூடாகப் பார்த்தோம். 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் அறிவிப்பு நீதிமன்றத்தில் ரத்தானது, அப்புறம் வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு, கொரோனா. 2022 பிப்ரவரி 19-இல் வாக்குப்பதிவு நடக்கும்வரை ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. அந்தக் காலத்திலும் குப்பை வண்டி வந்தது, வால்வு திறந்தது. ஆனால் மன்றம் இல்லை என்பதால் மத்திய நிதிக்குழு மானியம் நின்றுபோனது. தெருவுக்கு என்ன வேண்டும் என்று சொல்லவும், யார் வீட்டுத் திண்ணையில் போய்க் கத்துவது என்று தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லாமல் போனது. வார்டு உறுப்பினருக்கு அதிகாரம் குறைவு என்பது உண்மை. ஆனால் காலை 6 மணிக்கு எழுப்பினால் எழுந்து வரும் அரசாங்கம் அவர் ஒருவர்தான்.

உள்ளாட்சி என்று பேச ஆரம்பித்தால் யாராவது உத்திரமேரூரை இழுக்காமல் விடமாட்டார்கள். நானும் இழுக்கிறேன். 919, 921-ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்தில் அங்கே கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டுகள், 30 குடும்புகளிலிருந்து (இன்றைய வார்டு மாதிரி) குடவோலை முறையில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்கள் மட்டும் நிற்க முடிந்த சபை அது. அதைப் பிடித்துக்கொண்டு 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று மார்தட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. எனக்குப் பிடித்தது வேறு இரண்டு விஷயம். ஒன்று, ஏரிக்கு என்றே ஒரு வாரியம், அதாவது ஒரு குழு, இருந்தது. இன்று உத்திரமேரூர் ஒரு பேரூராட்சி. தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளைப் போல அதன் ஏரியும் பேரூராட்சியின் கையில் இல்லை, அரசுத் துறையிடம் இருக்கிறது. இரண்டு, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினர்களும் மறுபடி நிற்கக்கூடாது. இன்று உள்ளாட்சி நிதித் தணிக்கையில் தடை எழுப்பினால், அது பதில் எழுதி, மறுபதில் எழுதி, கோப்பில் ஆண்டுக்கணக்கில் உயிர் வாழும்.

கணக்கைப் பார்க்க நமக்கும் ஒரு வழி உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, அதன் மேல் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். எங்கள் தெரு மோட்டாரைப் பற்றிய தீர்மானங்களை அப்படித்தான் ஒருமுறை கேட்டு வாங்கினேன். 9 பக்கம், 18 ரூபாய். ஒன்றரை ஆண்டுக்குள் நான்கு தீர்மானம், நான்கிலும் அதே மோட்டார், அதே 'அவசர அவசியம்'. நான்கு பழுதுத் தொகையையும் கூட்டிப் பார்த்தால் புது மோட்டார் விலையைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஏன் புதிதாக வாங்கவில்லை என்று அலுவலகத்தில் இருந்த மேஸ்திரியைக் கேட்டேன். "புதுசுக்கு எஸ்டிமேட் போட்டு மேல அனுப்பணும் சார், அது வர்றதுக்குள்ள நீங்க குடத்தோட வந்துடுவீங்க" என்றார்.